அத்தான் துப்பாக்கியை மாற்றிக்கொண்டது

முதல் தோட்டா வெடித்தபோது, இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. ஹூஸ்டனுக்கு வெளியே இருக்கும் அந்தத் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் அத்தானின் துப்பாக்கி போடும் சத்தத்தை நான் காதால் அல்ல, நெஞ்சால் கேட்டுப் பழகியவன். இப்போது கேட்டதோ கனத்த புத்தகம் ஒன்று தரையில் விழுந்தது போன்ற சத்தம். அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் காதுக்கவசத்தை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தபடி அக்கா நின்றிருந்தாள்.

அக்காவைக் கட்டிய நாளிலிருந்தே அத்தான் எதையும் பிறரிடம் கேட்டு வாங்காதவர். போன வருடம் கூரை ஓரத்துச் சருகுகளை அள்ள ஏறி, ஏணியோடு விழுந்தார். வலது மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். அதன் பிறகு இரண்டு விரல்கள் சரியாக மடங்கவில்லை. சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருப்பார். அக்கா கிட்டே போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் பாத்துக்கிடுதேன்" என்பார். வலிக்கிறதா என்று கேட்டால், "ஒண்ணுமில்ல." டாக்டர் கேட்டாலும் அதே பதில்தான்.

அவருடைய நாற்பத்தைந்து காலிபர் கைத்துப்பாக்கியின் உதையை அந்தக் கை இனித் தாங்காது. "வித்துருங்க" என்றாள் அக்கா. அவர் விற்கவில்லை. கடையில் கொடுத்து, பிடியை அப்படியே வைத்துக்கொண்டு, குழலையும் மேல்பாகத்தையும் தோட்டா அடைக்கும் மேகசினையும் மாற்றி, உதை குறைந்த சின்ன இருபத்திரண்டு காலிபர் தோட்டா போடுகிற மாதிரி செய்து வாங்கிவந்தார். "கை வலிச்சா அன்னைக்கே வித்துரணும்" என்று சொல்லித்தான் அக்கா சோதனைக்குக் கூடவே வந்திருந்தாள்.

நாலைந்து தோட்டாக்கள் ஒழுங்காகப் போயின. காகிதத்தில் ஓட்டைகள் ஓரளவு நெருக்கமாகவே விழுந்தன. பிறகு துப்பாக்கி சுடவில்லை. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு ஒன்று வெளியே தெறிக்காமல் மேல்பாகத்துத் திறப்பில் மாட்டிக்கொண்டிருந்தது. அத்தான் முனையை இலக்கை விட்டு விலக்காமல் மேகசினை உருவினார். வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையால் மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்தார். பிடி நழுவியது. மறுபடி இழுத்தார். மறுபடியும் நழுவியது. அவர் பின்கழுத்தில் வியர்வை துளிர்த்ததைப் பார்த்தேன்.

ரேஞ்ச் அதிகாரி அருகே வந்து, "Want me to get that, sir?" என்றார். அத்தான் தலையசைத்து மறுத்தார். நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர் அக்காவைக் கூப்பிட்டார்.

"இங்க வா. நான் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிடுதேன். நீ இத இழு."

"நானா?"

"நீதான். பக்கவாட்டுல நின்னு இழு. பயப்படாத."

அதிகாரி பக்கத்திலேயே நின்றார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். வெற்றுக் கூடு துள்ளி அவள் செருப்பின் மேல் விழுந்தது. அத்தான் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"கை வலிக்குதா?" என்று கேட்டாள் அக்கா.

"வலிக்கி" என்றார் அத்தான். "எப்பவுமே வலிக்கத்தான் செய்யி."

விற்கும் பேச்சை அக்கா எடுக்கவில்லை, அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி. இப்போதும் இருவரும் எப்போதாவது ரேஞ்சுக்குப் போகிறார்கள். அவர் சுடுகிறார், ஸ்லைடு இழுப்பது அவள் வேலை. அன்று திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். பின்சீட்டில் அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மணிக்கட்டை மெல்ல நீவிவிட்டாள். வீடு வரும்வரை அத்தான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.