ஆறு விநாடி

நில்டா அரன்சிபியா பத்தொன்பது வருடம் சாந்தா ரெமெதியோஸ் விமான நிலையக் கோபுரத்தில் உட்கார்ந்து விமானங்களை ஏற்றியும் இறக்கியும் விட்டாள். ஊரில் ஒருவருக்கும் அவள் பெயர் தெரியாது. தெரியாமலிருப்பதுதான் அந்த வேலைக்கு லட்சணம் என்று நினைத்திருந்தாள். பஸ் ஓட்டுநரின் மகள். தேர்வில் மூன்று முறை தோற்று நான்காம் முறை தேறியவள். கட்டியவன் சாந்தா குரூஸ் நகரத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னலோரத்து அந்த நாற்காலியும் மைக்கும் இருந்தால் போதும் என்றிருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இறைச்சி ஏற்றிவந்த சின்ன விமானம் ஒன்று தரையிறங்கியதும் சக்கரத்தில் காற்றுப் போய், ஓடுபாதையை விட்டு விலகத் தாமதமானது. பின்னால் தொண்ணூற்று நான்கு பேரோடு பெரிய விமானம் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. நில்டா மைக்கில் ஒரே ஒரு சொல் சொன்னாள்: "ஃப்ருஸ்த்ராதா." இறங்காதே, மேலே ஏறு என்று அர்த்தம். விமானி ஏறினான், ஒரு சுற்றுச் சுற்றி ஒன்பது நிமிடம் கழித்து இறங்கினான். நில்டா குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுக் காப்பி குடித்தாள்.

அந்தச் சொல்லுக்குத் தெருவில் வேறு அர்த்தம். எதுவும் கைகூடாமல் மனம் கசந்துபோன பெண்ணை அப்படிச் சொல்வார்கள்.

கோபுரத்துப் பேச்சை வீட்டு ரேடியோவில் ஒட்டுக்கேட்பதைப் பொழுதுபோக்காக வைத்திருந்த ஒருவன், பதிவைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்துவிட்டான். மறுநாள் மதியம் இரண்டு விமானங்கள் மூக்கோடு மூக்கு மோதி எரிவதாகப் படம் வரைந்து காட்டினார்கள். சின்ன விமானம் அப்போது தரையில் நின்றது என்பதை யாரும் கேட்கவில்லை. தங்கை கல்யாணத்தில் பீர் கிளாசோடு எடுத்த நில்டாவின் படத்தை எங்கிருந்தோ பிடித்து, அதன் கீழே அந்தச் சொல்லைச் சிவப்பில் எழுதினார்கள்.

"அவளே தன்னைப் பத்தி சொல்றா, கேளுங்க," என்றான் நிகழ்ச்சி நடத்தும் ஃபப்ரீசியோ மெல்கர். "இப்படி மனசு நொந்த ஒருத்தி கையிலயா நம்ம உயிரு?"

ஓடிப்போன புருஷனைத் தேடிப்பிடித்து, அவள் எப்போதுமே அப்படித்தான் என்று சொல்லவைத்தார்கள். வழியெல்லாம் தூங்கிவந்ததாக முதல் நாள் சொன்ன பயணி ஒருத்தி, மூன்றாம் நாள் எதிர் விமானியின் முகத்தையே பார்த்தேன் என்றாள். நில்டா டிவியை அணைத்தாள். அவர்கள் பயந்திருந்தால் மன்னித்திருப்பாள். இவர்கள் எவருக்கும் பயமில்லை. நடக்காத சாவைத் தட்டில் போட்டு நக்கிக்கொண்டிருந்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் சால்டேன்யா என்ற இறைச்சிப் பலகாரம் விற்கும் அம்மாள்கூட, வாடிக்கையாக வாங்குகிறவளை அழைக்கும் அதே பிரியத்தோடு, "காசெரீத்தா, டிவில பார்த்தேன். நேர்ல நீ இவ்ளோ குண்டா இல்லையே," என்று ஒன்றைக் கூடுதலாகக் கட்டிக் கொடுத்தாள். நில்டா அதைப் பிரிக்காமலே பையில் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் அவளை மைக்கில் உட்கார விடாமல் விசாரித்தார்கள். அவள் செய்தது சரிதான் என்று ஒரு பக்கத்தில் அறிக்கை வந்தது. அதைத் தொலைக்காட்சி படிக்கவேயில்லை. கோபுரத் தலைவர் ரொலாந்தோ தெர்செரோஸ் கூப்பிட்டனுப்பினார். நாற்காலி திரும்பக் கிடைக்கப்போகிறது என்ற நினைப்பில் போனாள். மேஜையில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. இனி அந்தச் சொல்லை மைக்கில் சொல்லக் கூடாது. அதற்குப் பதில், 'தரையிறங்கும் முயற்சியைத் தற்போதைக்குக் கைவிட்டுப் பாதுகாப்பான உயரத்துக்குத் திரும்பிச் செல்லவும்' என்று சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டால் நாற்காலி, போடாவிட்டால் கீழ்த்தளத்தில் பழைய கோப்புகளை அடுக்கும் வேலை. அவளோடு வேலை பார்த்த பதினொரு பேரும் ஏற்கெனவே போட்டிருந்தார்கள்.

"அந்தச் சொல்லு டிவில நாறிப்போச்சு நில்டா. கூட நாலு வார்த்தை பேசினா என்ன குறைஞ்சுடும்?"

"சொல்லிப் பாருங்க சார்."

"என்னத்த?"

"மைக்குல சொல்ற மாதிரி, இதை அப்படியே. நான் எண்ணுறேன்."

அவர் எரிச்சலோடு படித்தார். நடுவில் ஒருமுறை நாக்கு இடறியது. நில்டா கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"ஆறு விநாடி. அதுக்குள்ள விமானம் நானூறு மீட்டர் வந்துடும்."

"எவன் எண்ணிப் பார்க்கப்போறான்?"

"ஓட்டுறவன் எண்ணுவான் சார்."

அவர் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். "பத்தொன்பது வருஷம். வீம்புக்கு விட்டுடாதே."

ஜன்னலுக்கு வெளியே ஒரு விமானம் வாலைத் திருப்பிக்கொண்டிருந்தது. அவள் பேனாவை எடுத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் 'ஆறு விநாடி' என்று தெளிவாக எழுதி மூடிவைத்தாள். மேலே போய்த் தன் சொந்த ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். மைக்கில் இருந்த பையன் தலை திருப்பவில்லை.

வாசலில் தொலைக்காட்சி வேன் நின்றது. அவளை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று யாரோ அதற்குள் சொல்லியிருந்தார்கள். ஒரு பெண் ஓடிவந்து, "மேடம், இப்போ உங்க மனசு எப்படி இருக்கு?" என்று ஒலிவாங்கியை நீட்டினாள்.

நில்டாவின் வாயெல்லாம் கசந்தது. சுவரோரம் திரும்பித் துப்பிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

மாலைச் செய்தியில் அதை மெதுவாக ஓட்டி மூன்று முறை காட்டினார்கள், எச்சிலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு.