கழுதைத் தொண்டையில் லாரீன்

திங்கட்கிழமை காலையில் லாரீன் டர்லியின் முடிதிருத்தும் கடைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். சனிக்கிழமை முழுக்கப் பாறை இடுக்குத் தண்ணீரில் கிடந்த கயிறு, தலை உலர்த்தும் இயந்திரங்களின் மேலாக ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில் அவள் அதை விரலிடுக்கில் கொடுத்து அங்குலம் அங்குலமாக உருவிப் பார்ப்பாள். எங்காவது நைந்திருந்தால் விரல் நிற்கும். கூடவே பேச்சும் நிற்கும்.

"கொடி கட்டிக் காயப்போட இதுதானா இடம்?" என்று தேவாலயப் பாடகர் குழுவை நடத்தும் ஓபல் வாரம் தவறாமல் கேட்பாள்.

"துணிக்கொடி அறுந்தா துணிதான் மண்ணாகும் ஓபல். இது அறுந்தா நான் மண்ணாயிருவேன். தலையக் குனி."

தலை கழுவும் தொட்டியின் அடியில் எப்போதும் கொஞ்சம் சிவப்பு மணல் இருக்கும். வாடிக்கையாளர்கள் அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்திப் பல காலமாகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தென்கோடியில் எங்கள் ஊரில் மணல் இல்லாத தொட்டி யார் வீட்டிலும் கிடையாது. ஆனால் லாரீனின் மணல், அவள் கயிறு கட்டி இறங்கும், சூரியனே எட்டிப்பார்க்காத பாறை இடுக்குகளிலிருந்து அவள் காது வழியாகவும் காலுறை வழியாகவும் வந்து சேர்ந்தது.

அறுபதை நெருங்கும் வயது. குள்ளமான உருவம், கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து முறுக்கேறிய மணிக்கட்டு. முழங்கால் இரண்டும் பள்ளிக்கூடத்துப் பையன்களுடையதைப் போல எப்போதும் சிராய்த்திருக்கும். தேவாலயத்துக்குப் பாவாடையோடு வரும்போது முன்வரிசைக்காரர்கள் அந்த முழங்காலைப் பார்த்தே அவள் போன வாரம் எந்த இடுக்கில் இறங்கினாள் என்று சொல்லிவிடுவார்கள். தலைக்கவசத்துக்குள் ஐந்தாறு முடிக்கவ்விகள் செருகி வைத்திருப்பாள். அவற்றால் கிழிந்த பையைக் கவ்வியிருக்கிறாள், அறுந்த செருப்பைக் கவ்வியிருக்கிறாள். ஒருமுறை என் கால்சட்டையின் பின்புறத்தையும் கவ்வி என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள்.

யாரைக் கூட அழைத்துப்போவது என்பதற்கு அவளிடம் ஒரே அளவுகோல்தான். "கடைக்கு வந்து உக்காந்தா கண்ணாடியவே பாத்துக்கிட்டிருக்கிறவன் வேணாம். தூங்கிப் போறவன் வேணும்." அப்படித் தேறியவர்கள் இரண்டு பேர். பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் நான் ஒருவன். இன்னொருவன் கிணறு தோண்டும் கிம்பல். அவன் அவளுடைய பழைய கணவன்.

விவாகரத்தான பிறகும் இவர்கள் ஒரே கயிற்றில் தொங்குவது ஊருக்குப் பெரிய வேடிக்கை. லாரீனைக் கேட்டால், "வீட்டுல அவன் வாயை நம்ப முடியாது. கயித்துல அவன் கையை நம்பலாம். ரெண்டும் வேற வேற டிபார்ட்மென்ட்" என்பாள். கிம்பலைக் கேட்டால், "மேல இருந்தா கத்துவா. கீழ இறங்கினா கத்தவே மாட்டா. அதனால கீழ போறேன்" என்பான்.

அவன் சொல்வது உண்மை. எவ்வளவு மோசமான இடத்திலும் அவள் குரல் உயராது. ஒரே ஒரு சொல்தான் சொல்வாள்: "சுவாரசியமா இருக்கே." அந்தச் சொல்லைக் கேட்டால் நாங்கள் வசமாக மாட்டிக்கொண்டோம் என்று பொருள்.

போன அக்டோபரில் அதை இரண்டு முறை கேட்டேன்.

கழுதைத் தொண்டை என்று நாங்கள் சொல்லும் இடுக்கு அது. மேலே ஒரு மரத்தைச் சுற்றிக் கயிற்றை இரட்டையாகப் போட்டு, மூன்று பேரும் இறங்கி, கயிற்றை உருவிக்கொண்டோம். உருவிய பிறகு ஏறித் திரும்ப வழி கிடையாது. இடுக்கின் மறுமுனை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். நடுவில் ஒரு பாறைக்குழி உண்டு. சுற்றிலும் வழவழப்பான சுவர். மற்ற ஆண்டுகளில் தண்ணீர் விளிம்புவரை நிற்கும், நீந்திப்போய் உருண்டு கரையேறிவிடலாம். அந்தக் கோடையில் மழையே இல்லை. தண்ணீர் மார்பளவுக்கு இறங்கியிருந்தது. எதிர் விளிம்பு எட்டாத உயரத்தில் இருந்தது. விழுந்தவரை விடாத இப்படிப்பட்ட குழிக்கு எங்கள் ஊரில் விடாக்குழி என்று பெயர்.

"சுவாரசியமா இருக்கே," என்றாள் லாரீன்.

இதற்கு ஒரு வழி உண்டு. சிறு பைகளில் மணலை நிரப்பி, கயிற்று நுனியில் கட்டி, இந்தப் பக்கத்து விளிம்பில் நின்றபடி எதிர் விளிம்புக்கு அப்பால் விழும்படி வீச வேண்டும். பையின் கனம் அங்கே பிடித்துக்கொள்ள, குழிக்குள் தொங்கும் கயிற்றைப் பற்றி ஏறலாம். எங்களில் நீளக் கை கிம்பலுக்கு. வழக்கமாக அவன்தான் வீசுவான்.

அன்று இடது கையால், கையைத் தாழ்த்தி ஆட்டி வீசினான். பை பாதி வழியில் தண்ணீரில் விழுந்தது.

"வலது கைக்கு என்ன?" என்றாள் லாரீன்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத கை ஏன் இடுப்பத் தாண்டி ஏற மாட்டேங்குது?"

அவன் பாறையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஜூலைல துளை போடுற வண்டியிலேருந்து விழுந்தேன். தோள் போச்சு. சொன்னா விட்டுட்டுப் போயிருப்ப."

இடி விழப்போகிறது என்று நான் தலைக்கவசத்தை இறுக்கிக்கொண்டேன். அவள் தண்ணீரில் விழுந்த பையை இழுத்தெடுத்தாள். "சுவாரசியமா இருக்கே," என்றாள் மறுபடியும். பிறகு பையை என்னிடம் தந்தாள்.

நான் வீசியதெல்லாம் மீனுக்குத்தான் உணவு, அங்கே மீனும் கிடையாது. கடைசியில் லாரீனே வீசி இரண்டு பைகளை அக்கரை சேர்த்தாள். இழுத்துப் பார்த்தால் பைகள் லேசாக நகர்ந்தன. முழு ஆளைத் தாங்காது. கீழிருந்து யாராவது பாதிக் கனத்தைத் தாங்கினால்தான் ஏற முடியும். என் தோளில் நின்றால் அவளுக்கு எட்டாது. எட்டக்கூடிய உயரம் கிம்பலுடையது மட்டும்தான்.

மூவரும் தண்ணீரில் இறங்கினோம். உடம்போடு ஒட்டிய ரப்பர் உடுப்புக்குள்ளும் குளிர் ஊசியாக ஏறியது. கிம்பல் சுவரோடு சாய்ந்து நின்றான். நான் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். லாரீன் என் முதுகில் ஏறி அவனது நல்ல தோளில் கால் வைத்தாள்.

"நான் உன் தலையில ஏறி உக்காந்தேன்னு நீதிபதிகிட்ட சொன்னயே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அன்னிக்கு ஏறல. இன்னிக்கு ஏறப் போறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பற்கள் ஒன்றோடொன்று மோதியதில் சிரிப்பு முழுதாக வெளியே வரவில்லை. அவள் ஒற்றைக் காலில் எம்பினாள், பைகள் சறுக்கின, மூவரும் தண்ணீருக்குள் போனோம்.

எழுந்தபோது கிம்பலின் உதடு நீலம் பாரித்திருந்தது. அதுவரை வெடவெடத்துக்கொண்டிருந்தவன் நடுங்குவதை நிறுத்தியிருந்தான். அது நல்ல அறிகுறி இல்லை என்று எங்கள் மூவருக்குமே தெரியும்.

"ரெண்டு தோள்லயும் நில்லு," என்றான்.

இடுக்குகளில் லாரீன் தயங்கி நான் பார்த்தது அதுதான் முதல்முறை. கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"மிதி, லா."

மிதித்தாள். கிம்பலின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. ஆனால் அவன் வளையவில்லை. அவள் கை விளிம்பைத் தொட்டது, நழுவியது, மறுபடி தொட்டது. பிறகு வயிறும் சிராய்த்த முழங்காலும் புரண்டு மறைந்தன. மேலே அவள் இரு சுவர்களிலும் கால் ஊன்றி உட்கார்ந்து கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். நான் ஏறினேன். கயிற்றில் கால் நுழைக்க வளையம் போட்டுக் கொடுத்து, இருவருமாகக் கிம்பலை இழுத்து மேலே போட்டோம். அவன் வெகுநேரம் மல்லாந்து கிடந்தான். லாரீன் அவனுடைய இரு கைகளையும் தன் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு, ஓபலின் தலைச்சாயம் பச்சையாகிப்போன கதையை அவனுக்கு முதலிலிருந்து சொன்னாள். கதை முடிவதற்குள் அவனுக்கு நடுக்கம் திரும்பிவிட்டது. எனக்கும் உயிர் திரும்பியது.

வெளியே வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. வண்டியருகே வந்ததும் லாரீன் பீச் பழ டப்பாவை உடைத்துக்கொண்டே என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். இரும்புக்கடைக்காரனுக்கு ஒரு பை மணலை நேராக வீசத் தெரியாதா, வீட்டில் குப்பையை எப்படித்தான் போடுகிறாய், கூடைக்கா பக்கத்து வீட்டுக்கா என்று விடாமல் பேசினாள். வண்டிக்கு மறுபக்கம் கிம்பல் ரப்பர் உடுப்போடு அப்படியே நின்றிருந்தான். அவனால் முதுகு ஜிப்பை எட்ட முடியவில்லை. உதவி கேட்கவும் இல்லை.

அவள் பேச்சை நிறுத்தவில்லை. என்னைத் திட்டிக்கொண்டே அவன் பின்னால் போய் ஜிப்பை இறக்கினாள். உடுப்பின் கையை வலிக்கும் தோளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, ரப்பர் தோலோடு ஒட்டாமல், உள்ளே தன் விரலை விட்டு விட்டு உருளச் சுருட்டி இறக்கினாள். மணிக்கட்டு வந்ததும் ஒரு கணம் நிறுத்தி, அவன் கை தானாகத் தொங்கிவிடாமல் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள்.