பெரியநாயகி போட்ட படம்

“கண்டதையும் போடாதீங்கடி! போலீஸ் வந்தா மொதல்ல அட்மின் கையிலதான் வெலங்கு மாட்டுவான்!”

இருபதாம் பிளாக் வாட்ஸப் குரூப்பில் பெரியநாயகி இதைச் சொல்லாத நாளில்லை. தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்ல அவள் தொடங்கிய குரூப் அது. எழுதுவதெல்லாம் அவளுக்கு ஆகாது, வாய்ஸ் மெசேஜ்தான். முதலில் “க்ஹும், க்ஹும்”. பிறகு ரேஷன் கடை வரிசையே திரும்பிப் பார்க்கும் தொண்டை.

அப்படிப்பட்டவளே ஒருநாள் மதியம் சறுக்கினாள். எவனோ குவார்ட்டர்ஸ் கதவுகளில் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டே போனான். ஜன்னல் வழியே படம் எடுத்தாள். “க்ஹும், க்ஹும். திருடன் குறி வச்சிக்கினு போறான், உஷார்!” சாயங்காலத்துக்குள் படம் பக்கத்து ஊரான வடக்குத்து வரை போய்விட்டது.

மறுநாள் அவனே வாசலில் வந்து நின்றான். பெயர் குமரவேல், பெயிண்டிங் காண்ட்ராக்டரின் ஆள்.

“அக்கா, வெள்ளையடிக்க வேண்டிய வூட்டுக்குத்தான் குறி போட்டுக்கினு வந்தேன். காண்ட்ராக்டர் இனிமே வேலைக்கு வராதன்னுட்டாரு. எங்க தெருவுலயே திருடன்றாங்க.”

பெரியநாயகி போனில் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தாள்.

ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் ராஜாங்கம் கிசுகிசுத்தார். “அழிச்சிட்டுக் கம்முனு இரு. மொதல்ல யாரு போட்டதுன்னு எவனுக்குத் தெரியும்?”

“என் தொண்ட ஊருக்கே தெரியும்.” செருப்பை மாட்டினாள். “வா தம்பி.”

ஸ்டேஷனில் எஸ்.ஐ. அவளை ஏற இறங்கப் பார்த்தார். “மத்தவங்க போட்டிருந்தா, அட்மின்ங்கறதுக்காக மட்டும் உங்களப் புடிக்க மாட்டோம்மா. இது நீங்களே போட்டது. இவரு புகார் குடுத்தா நீங்கதான் பதில் சொல்லணும்.”

“அதுக்குத்தான் சார் வந்தேன்.”

எழுத்தே ஆகாதவள் நடந்ததை ஒரு பக்கம் எழுதி, குவார்ட்டர்ஸ் நம்பரோடு கையெழுத்துப் போட்டாள். குமரவேல் புகார் வேண்டாமென்றான். காண்ட்ராக்டரிடம் காட்ட அந்தத் தாளின் நகல் போதும் என்றான். ஸ்டேஷன் வாசலிலேயே போனை எடுத்தாள். “க்ஹும், க்ஹும். அந்தத் தம்பி திருடன் இல்ல. தப்பு பண்ணது பெரியநாயகி. படம் போன எடத்துக்கெல்லாம் இதையும் அனுப்புங்க.”

மூன்றாம் நாள் குமரவேல் அவள் வீட்டுச் சுவரிலிருந்தே வெள்ளையடிக்கத் தொடங்கினான். பக்கத்து வீட்டு அம்சவல்லி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். “ஏக்கா, நாங்களுந்தான் அந்தப் படத்த நாலு குரூப்புக்கு அனுப்புனோம். நீ மட்டும் ஏன் போயி தலையக் குடுத்த?”

ஏணியில் நின்றவனுக்கும் கேட்கட்டும் என்று பெரியநாயகி குரலை உயர்த்தினாள். “நூறு பேரு அனுப்புனா அந்தப் புள்ளைக்கு நூறு அடி. மொத அடி என்னுது, நான் ஒத்துக்கினேன். ஒன் அடி ஒன் போன்லயே கெடக்கு, போயிப் பாருடி!”