சுண்ணாம்புக்கு அசையாத மோதிரம்

1968இல் ஊர்களெல்லாம் சுற்றிவிட்டு நான் மானகிரிக்குத் திரும்பியபோது, என் சித்தி மகள் யூஜினியா கல்யாண மோதிரத்துக்கு உலோகம் தேடிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அருளானந்தம், செட்டியார்களின் வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசுகிறவர். நாள் முழுக்க ஈரச் சுவரைக் கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். அந்த வேலையில் அவருடைய அப்பாவின் தங்க மோதிரம் நூலாகத் தேய்ந்து அறுந்துபோனதாம். அதனால் அந்த வீட்டு ஆண்கள் மாதா கோயிலில் போட்ட மோதிரத்தை மறுநாளே பெட்டியில் பூட்டிவிடுவார்கள்.

யூஜினியாவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு சட்டியில் சுண்ணாம்பைக் குழைத்து அலுமினியம், வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் துண்டுகளைப் புதைத்தாள். அலுமினியம் பாலைப்போலப் பொங்கி நுரைத்தது. மற்றவற்றை எடுத்துக் கல்லில் தேய்த்தாள். வெள்ளி தேய்ந்தது, பித்தளை கறுத்தது. எவர்சில்வர் அப்படியே இருந்தது. எத்தனையோ ஊர்களின் நகைக்கடைகளைப் பார்த்த நான், அந்தச் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

காரைக்குடி லேத் பட்டறையில் எவர்சில்வர் குழாயை அறுத்து மோதிரம் செய்தாள். மாமியாராகப் போகிற இன்பமேரி கையில் வாங்கிப் பார்த்தார்.

“ஏத்தா, மோதிரம் கேட்டா டம்ளர வெட்டிக் கொண்டாந்திருக்க? சாமியார் இத மந்திரிப்பாரா?”

“பொன்னுன்னா பெட்டியில தூங்கும் அத்தை. எனக்கு அது அவுக வெரல்லயே கெடக்கணும்.”

பங்குச் சாமியார் சிலுவை வரைந்து மந்திரித்தார்.

கல்யாணத்துக்கு அடுத்த திங்கட்கிழமை இன்பமேரி மகனுக்குச் சோறு கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். சாரத்தின்மேல் அருளானந்தம் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் சுண்ணாம்பு, நடுவில் மோதிரம் மட்டும் மின்னியது.

“கழட்டலயாடா?”

“போட்டிருக்க நெனப்பே இல்லம்மா.”

இன்பமேரி தூக்குவாளியை இறக்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.