அக்கா கேட்ட கனகாம்பர விதை

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். கடிதம் எழுதியே பல வருஷம் ஆகிறது. அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு எழுதச் சொல்லி எங்கள் அண்ணன் மகன் சேகர் நோட்டும் பேனாவும் வாங்கி வைத்துவிட்டுப் போனான். "அத்தை, கூடப் பொறந்தவங்கள்ல நீங்க ஒருத்திதான் மிச்சம். நீங்க எழுதலன்னா யாரு எழுதுறது?" என்றான். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்காதவள் நான். எழுத்து கோணலாக இருக்கும். முன்னது பின்னதாக வரும். சிலது மறந்தும் போச்சு. சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது பாடாலூர் பக்கம், எங்கள் அப்பா வீட்டில். மானாவாரிக் காடு. சோளமும் பருத்தியும் போடுவோம். மழை ஏமாற்றினால் வயிறும் ஏமாந்து போகும். அக்கா இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நான் பிறந்தேன். அம்மா காட்டு வேலைக்குப் போக வேண்டும், கைப்பிள்ளையை யார் பார்ப்பது என்று அக்காவைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்திவிட்டார்கள். என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தது அக்காதான். நான் ஐந்து வகுப்பு படித்தேன் என்றால் அது அக்கா படிக்காமல் போன படிப்பு. கடைசி வரைக்கும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அப்படித்தான்.

அரியலூரில் இருந்து கல்லங்குறிச்சி போகிற வழியில் ஓர் ஊரில் அக்காவைக் கட்டிக்கொடுத்தோம். நான் பாடாலூரிலேயே வாக்கப்பட்டுவிட்டேன். அத்தானுக்குச் சுண்ணாம்புக்கல் குழியில் வேலை. பதினோரு வருஷம் பிள்ளை இல்லை. கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு ஒரு பெண் பிறந்தாள், கலா என்று பேர். வருஷா வருஷம் காட்டில் விளைந்த முதல் மரக்கால் கம்பை எடுத்துக்கொண்டு போய்க் கோயிலில் கொட்டிவிட்டு வருவார்கள். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆன வருஷம் கலா பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அஞ்சு நாள் காய்ச்சல். ஆறாம் நாள் அவள் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

கலாவுக்குத் தலைத்திவசம் முடிந்து அவள் புத்தகப் பையை எடுத்து வைக்கும்போது உள்ளே ஒரு தீப்பெட்டி கிடைத்தது. திறந்தால் கடுகு மாதிரி, ஆனால் பழுப்பு நிறத்தில் விதை. கூடப் படித்த பிள்ளை யாரோ கொடுத்திருக்க வேண்டும். என்ன விதை என்று யாருக்கும் தெரியாது. அக்கா எடுத்துக்கொண்டு போய் வாசல் ஓரம் கொத்தித் தூவினார்கள். ஆடி மாதம் அது. மழை விழுந்தது, முளைத்தது. காசித்தும்பை. ரோஸ் கலரில் வேலி நீளத்துக்குப் பூத்துக் கிடந்தது. மார்கழிக்குள் காய்ந்து சாய்ந்துவிட்டது. நான் வருத்தமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவுக்கு வருத்தம் இல்லை.

"இது தேவல பாப்பா. போற மாசத்த சொல்லிட்டே வருது" என்றார்கள்.

அன்றிலிருந்து அக்காவுக்குப் பூச்செடி இரண்டே ஜாதி. வந்துட்டுப் போறது, தங்குறது. வந்துட்டுப் போறதை மட்டும்தான் வளர்ப்பார்கள். காசித்தும்பை, வாடாமல்லி, கோழிக்கொண்டை, ஜினியா. தங்குறது ஒன்றுகூட வாசலில் நிற்கக் கூடாது. நித்தியகல்யாணி தானாக முளைத்தாலும் வேரோடு பிடுங்கிப் போடுவார்கள். "அது பாவம்க்கா, கல்லுல கூட மொளைக்கும், தண்ணி கூட வேணாம்" என்று ஒரு தடவை சொன்னேன். "தங்கும்னு நெனச்சு வெச்சதெல்லாம் போதும்டி" என்றார்கள். அப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விதைக்குச் செடி தேர்ந்தெடுப்பதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. பழைய சேலைக் கரையைக் கிழித்துச் செடியில் கட்டுவார்கள். கட்டின செடியில் யாரும் பூப்பறிக்கக் கூடாது. பெரிய பூவாகப் பார்த்துக் கட்டுவார்கள் என்றுதான் நினைப்போம். இல்லை. அந்த ஊரில் கல் லாரி போய்ப் போய் இலையெல்லாம் வெள்ளைப் புழுதி. அந்தப் புழுதியிலும் எந்தச் செடி தலை நிமிர்ந்து நிற்கிறதோ அதற்குத்தான் கட்டு. ஜினியா இலையில் வெள்ளை கண்டால் புழுதியா நோயா என்று தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டு மறுநாள் வந்து பார்ப்பார்கள். அதே இடத்தில் அதே மாதிரி திரும்ப வந்திருந்தால் நோய். அந்தச் செடியில் விதை எடுக்க மாட்டார்கள். காசித்தும்பைக் காய் கை பட்டால் தெறித்துவிடும். உள்ளங்கையை மூடி, உள்ளேயே தெறிக்க வைத்து எடுப்பார்கள். காலண்டர் தாளில் மடித்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். "வெதை எடுக்காம செடியப் புடுங்கிடாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவார்கள்.

பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி வாய்க்காரி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒருநாள் கேட்டாள்: "ஏங்க்கா, கோழிக்கொண்டையும் ஜினியாவும் சாமிக்கும் ஆவாது, தலைக்கும் ஆவாது. வெச்சு என்னாத்தப் பண்றீங்க?"

"பாக்குறேன்."

"பாத்துட்டு?"

"ஓம் மூஞ்சியப் பாக்குறேன். வித்தியாசம் தெரியுதுல்ல."

ராஜேஸ்வரி சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அக்காவும் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரித்து நான் பார்த்தது அந்த வருஷங்களில் அது ஒன்றுதான்.

அத்தான் நெஞ்சுச்சளியில் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா தனி. அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கி, திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்த சமயம் நான் போய்க் கூப்பிட்டேன். "பிரிச்ச ஜில்லாவையே சேத்துட்டாங்க, நீ எதுக்குக்கா ஒத்தையில கெடக்குற? எங்கூட வந்துடு" என்றேன். "ஆடிக்கு வெதை யாரு போடுறது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நானும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும்.

போன வருஷம் சித்திரையில் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திருச்சிக்குக் கூட்டிப்போனோம். வயிற்றில் கட்டி, முற்றிப்போச்சு, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொன்னார்கள். அக்காவிடம் குடல்புண் என்று சொல்லிவிட்டோம். நான் வாரத்தில் நாலு நாள் அங்கேயே இருந்தேன். ஆடி பிறக்கிறதுக்கு முன்னால், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"பாப்பா, ஒன் கெணத்தடியில கனகாம்பரம் இருக்குல்ல, அதுல வெதை எடுத்தாறியா?"

என் காதை நம்ப முடியவில்லை. "கனகாம்பரமா? அது தங்குறதுக்கா."

"தெரியும்டி. நாலஞ்சு வருஷம் நிக்குமா?"

"நல்லா நிக்கும்."

"அப்ப எடுத்தா. பூக்குறதப் பாக்கணும்."

பத்து வருஷமாக வேண்டாம் என்றவர்கள் வேண்டும் என்று கேட்டார்கள். அக்காவுக்கு உயிர் மேல் ஆசை வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. டாக்டர் சொன்னதும் ஞாபகம் வந்தது. கொல்லைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பாடாலூருக்குப் போனதும் காய் பறித்தேன். கனகாம்பரக் காய் ஈரம் பட்டால் பட்டென்று வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். ஒன்றும் வீணாகக் கூடாது என்று குண்டானில் போட்டுத் தண்ணீர் தெளித்துத் தட்டால் மூடி, உள்ளேயே வெடிக்க வைத்தேன். விதை ஈரமாகிவிட்டது. வெளியே மூட்டம், வெயில் இல்லை. நாங்கள் அவரை விதை, சுரை விதையெல்லாம் சாம்பலில் புரட்டி அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுகிறவர்கள். அதே மாதிரி இதையும் சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து அடுப்புக்கு மேலே கட்டினேன். அன்றைக்கு நெல் அவித்தோம். காலையில் இருந்து சாயங்காலம் வரைக்கும் அடுப்பு எரிந்தது. சீக்கிரம் காய்ந்துவிடும் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சின்ன விதை என்ன சூடு தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் பெரம்பலூரில் பஸ் மாறி, முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

அக்கா ஐந்து எண்ணெய் டின்னில் மண் நிரப்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று தானே விதைத்தார்கள். அந்த ஆடியில் வேறு எதையும் விதைக்கவில்லை. இருபது நாள் ஆச்சு, ஒன்றும் இல்லை. "எங்கூரு மண்ணு அதுக்குப் புதுசு, அசந்து கெடக்கும்" என்றார்கள். ஆவணி போச்சு. தம்ளரில் மொண்டு ஒவ்வொரு டின்னுக்கும் ஊற்றுவார்கள். ஊற்றிவிட்டு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். புரட்டாசியில் ஒருநாள் அக்கா தூங்கும்போது நான் ஒரு டின்னைக் கிளறி நாலைந்து விதையை எடுத்து நகத்தால் நசுக்கினேன். உள்ளே தீய்ந்த சீரகம் மாதிரி இருந்தது. அப்போதுதான் நெல் அவித்த அடுப்பு ஞாபகம் வந்தது. விதையைப் புதைத்து மண்ணைத் தட்டி வைத்துவிட்டேன்.

வேறு விதை எடுக்கலாம் என்று ஊருக்கு ஓடினேன். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துவிட்டது. செடியில் இருந்த காயெல்லாம் மழையிலேயே வெடித்து ஒன்றும் மிச்சமில்லை. செடிக்கு அடியில், சேற்றில், யாரும் விதைக்காமல் அது பாட்டுக்கு முளைத்துக் கிடந்தது. அதில் நாலு இலை விட்ட ஒரு நாற்றை மண்ணோடு பெயர்த்து எடுத்துக்கொண்டு போய், அக்கா படுத்திருந்த நேரம் பார்த்து ஒரு டின்னில் வைத்தேன்.

சாயங்காலம் அக்கா பார்த்தார்கள். முகம் மலர்ந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் குனிந்து செடியின் அடி மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்தார்கள். அக்கா வீட்டு மண் வெளுப்பு. எங்கள் வீட்டு மண் கரிசல்.

"பாப்பா, நீ வெச்சியா?"

"இல்லக்கா. அதுவா வந்துருக்கு."

"சரி."

மறுநாள் மற்ற நாலு டின்னுக்கும் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்கு ஊற்றவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது ஒன் வூட்டுது. எனக்குன்னு மொளைக்கிறது இந்த நாலுல எதுலயாச்சும் இருக்கும். பொறுக்கணும்."

விதையை நான்தான் தீய்த்துவிட்டேன் என்று சொல்ல மூன்று தடவை வாய் எடுத்தேன். மூன்று தடவையும் "கஞ்சி ஆறுதுக்கா" என்று வேறு எதையோ சொன்னேன். அந்த நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற எனக்கும் வெட்கம். அதுவும் காய்ந்து போச்சு. கார்த்திகையில் அக்காவால் எழுந்திருக்க முடியாமல் போனபோது ராஜேஸ்வரியைக் கூப்பிட்டு டின்னுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். என்னிடம் சொல்லவில்லை.

மார்கழியில் இரண்டு நாள் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் பாடாலூர் போன சமயம் அக்கா போய்விட்டார்கள்.

அக்கா சேர்த்து வைத்த விதையெல்லாம், காலண்டர் தாளில் மடித்தது மடித்தபடி, என்னிடம்தான் இருக்கிறது. இந்த ஆடிக்கு நான் போடவில்லை. என் கையை நம்ப முடியவில்லை. மலரோடு சேர்த்து ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுக்கலாம் என்று சேகர் சொன்னான். வேண்டாம் என்றேன். நான் வைத்திருந்த விதை அது. முளைக்காவிட்டால் எல்லோரும் அக்காவைத்தானே குறையாக நினைப்பார்கள். பூட்டிக் கிடக்கிற வாசலில் காசித்தும்பை தானாகக் கொஞ்சம் முளைத்துப் பூத்திருந்தது. கரை கட்ட ஆளில்லை. விதை தெறித்து ரோட்டில் கிடக்கிறது, லாரி ஏறிப் போகிறது. போன மாசம் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டம் ஆகிவிட்டதாம். அக்கா இருந்தால் என்னைப் பார்த்து ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஆட்டோ கொண்டுவந்து நிறுத்திய மேலத்தெருப் பிள்ளைக்கு, ஊசி போட வீட்டுக்கே வந்த நர்சம்மாவுக்கு, காடு வரைக்கும் கூட வந்த அத்தனை பேருக்கும் என் கும்பிடு. ராஜேஸ்வரி எனக்குத் தங்கை மாதிரி. நான் செய்ய வேண்டியதை அவள் செய்தாள்.

கடைசியாக ஒன்று. அச்சுக்குக் கொடுக்கும் முன் யாராவது விவரத்தைச் சரிபார்க்க வேண்டும். அக்கா பிறந்த வருஷம் எனக்குத் தெரியாது. கல்யாணம் வைகாசியா ஆனியா என்பதும் சந்தேகம். சேகர் பத்திரிகையைத் தேடிப் பார்க்கட்டும். இன்னொன்றையும் கேட்டுத் திருத்த வேண்டும். கடைசி நாள் சாயங்காலம் அக்கா ராஜேஸ்வரியிடம் "கனகாம்பரம் மொளைச்சுதா?" என்று கேட்டார்களாம். "மொளைச்சுடுச்சுக்கா, ரெண்டு எலை விட்டுருக்கு" என்று தான் சொன்னதாகவும், அக்கா கேட்டுத் தலையை ஆட்டியதாகவும் ராஜேஸ்வரி காரியத்தன்று என்னிடம் சொன்னாள். அப்புறம் பங்குனியில் பேசும்போது, தான் பதில் சொல்வதற்குள் அக்காவுக்கு நினைவு போய்விட்டது என்று சொன்னாள். எது சரி என்று யாராவது அவளிடம் கேளுங்கள். எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை. எது சரியோ அதை இங்கே போட்டு, மற்றதை அடித்துவிடுங்கள்.