பகடைக்குப் பதில் நான்கு சுருக்குப்பைகள்

எங்கள் வீட்டு மேசையில் முதன்முறையாக விளையாட உட்கார்ந்த ஒருவரைக் கள்ளாட்டம் ஆடுவதாக நான் சொன்னேன். அவர் அப்படி ஆடவில்லை. கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான், அதிலும் நிகழ்தகவு நடத்தியவன். ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்தச் சொல் வாயிலிருந்து வந்திருக்காது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் நடந்தது இது. விருதுநகரை விட்டுச் சிவகாசிக்கு வெளியே ஒரு புதுத் தெருவில் வீடு கட்டி வந்திருந்தோம். என் மனைவிக்கு அங்கே யாரையும் தெரியாது. எதிர்வீட்டுப் பெண் ஒருவர்தான் பேச்சுத்துணை. அவர் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து செலுத்துகிறவர். அவர் கணவருக்கு அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற வேலை.

வெளிநாட்டில் இருக்கும் மகன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவருவான். பலகையை விரித்து, காய்களை அடுக்கி, விதிகளைப் படிப்பதில் எனக்கு ஒரு பித்து பிடித்திருந்தது. ஆனால் ஆட ஆள் வேண்டுமே. தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருந்த சமயம், எதிர்வீட்டுத் தம்பதியை மனைவி அழைத்து வந்தாள். புதிதாக வருபவர்களுக்கு லேசான ஆட்டமாகக் கொடுங்கள் என்று மகன் சொல்லியிருந்ததால் மலையேறும் ஆட்டத்தை எடுத்தேன். நான்கு பகடைகளைப் போட வேண்டும், இரண்டிரண்டாகக் கூட்ட வேண்டும், அந்த எண்ணுள்ள பாதையில் ஏற வேண்டும். இன்னொரு முறை போடலாம். எண் பொருந்தாவிட்டால் அந்தச் சுற்றில் ஏறியதெல்லாம் சறுக்கிவிடும். எங்கே நிறுத்துவது என்பதுதான் விளையாட்டு. தாயம் ஆடியவர்களுக்கு உடனே பிடிபடும்.

பிடிபடவும் செய்தது. கணவர் நிறுத்தவே தெரியாமல் போட்டுப் போட்டுச் சறுக்கினார். “வீட்டுலயும் இப்படித்தான்க்கா, போதும்னு சொல்லத் தெரியாது இந்த மனுசனுக்கு” என்று அந்தப் பெண் என் மனைவியிடம் சொன்னார். சாத்தூர்ச் சேவுத் தட்டு இரண்டு முறை காலியானது. மனைவி அப்படிச் சிரித்து அந்த வீட்டில் நான் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டுப் பெண் பகடையை உருட்டவில்லை. உள்ளங்கையில் பொத்தி, மேசையை ஒட்டிக் கையைத் தாழ்த்தி, ஒவ்வொன்றாக வைத்தார். சத்தமே இல்லை.

“போடணும்மா, வைக்கக் கூடாது” என்றேன்.

“சரிங்க சார்” என்றார். அடுத்த முறையும் வைத்தார்.

“இப்படி வச்சா அதுக்குப் பேரு கள்ளாட்டம்மா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். வகுப்பில் மாணவனை மடக்கும்போது வரும் சிரிப்பு அது. கணவரும் சிரித்துவிட்டார். அந்தப் பெண் கையிலிருந்த பகடைகளை ஓசைப்படாமல் பெட்டிக்குள் வைத்துவிட்டு எழுந்தார். “உலை வச்சுட்டு வந்தேன்க்கா, மறந்தே போச்சு” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் வரவில்லை. மாலையில் வாசலில் நின்று பேசுவதும் நின்றது.

மனைவி சில நாள் பொறுத்துவிட்டுக் கேட்டாள். “கள்ளாட்டம் ஆடுறவ தோத்துக்கிட்டா இருப்பா? கடைசியா நின்னது அவ காய்தானே? அம்புட்டுக் கணக்கு நடத்துனீகளே, இது தெரியலையா?”

உண்மைதான். நான்கு பேரில் அவருடைய காய்தான் அடிவாரத்தில் நின்றது.

“அவ குடத்தக்கூடச் சத்தம் கேக்க எறக்கி வச்சு நான் பாத்ததில்ல. மருந்து ரூம்ல எதையும் போடக் கூடாது, இழுக்கக் கூடாதாம், ஒரு பொறி பறந்தாப் போச்சாம். எத்தனை வருசமா அங்கன வேலை பாக்கா. இருந்த ஒருத்தியையும் வெரட்டி விட்டாச்சு. இனிமே நான் செவுத்துகிட்டப் பேசிக்கிடுதேன்.”

அன்று மாலையே எதிர்வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். அவர் பதறிப்போனார். “ஐயோ, என்னங்க சார், வெளையாட்டுல சொன்னதுக்குப் போயி! உள்ள வாங்க, காப்பி குடிங்க.” காப்பி வந்தது. டம்ளரை அவர் வைத்த சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. ஆட்டத்துக்கு வரச் சொன்னதற்கு மட்டும் பதில் வேறாக இருந்தது. “எங்க வீட்டுக்காரரு வருவாக சார். சின்னதுல நானும் தாயக்கட்டைய உருட்டுனவதான். இப்பக் கை வர மாட்டேங்கு. எனக்காக நீங்க ஏன் சங்கடப்படணும்?”

மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது என்று அப்போது புரிந்தது. நான் மன்னிப்புக் கேட்ட பிறகும் மேசையில் பகடை அப்படியேதான் இருந்தது.

அச்சகத்தில் மிஞ்சிய கெட்டி அட்டையில் சின்னச் சில்லுகள் வெட்டித் தரச் சொல்லி அவர் கணவரைக் கேட்டேன். ஒன்று முதல் ஆறு வரை எழுதினேன். மனைவி ரவிக்கைத் துண்டுகளில் நான்கு சுருக்குப்பை தைத்தாள். பைக்கு ஆறு சில்லு. ஒவ்வொரு பையிலிருந்தும் ஒன்றை எடுத்து, பார்த்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். பகடைக்கும் இதற்கும் வாய்ப்புக் கணக்கில் இம்மியும் வேறுபாடில்லை. எல்லோருக்கும் பைதான் என்று முடிவு செய்து, பகடைகளை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். அவருக்கு மட்டும் பை கொடுத்தால் அது இன்னொரு அவமானம்.

கம்பெனி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மனைவி பைகளோடு போய் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அவர் பைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது எதுக்கு சார் இம்புட்டு வேலை?” என்றார். உட்கார்ந்தார். பைக்குள் விரலை விட்டு ஒரு சில்லை எடுத்து மேசையில் வைத்தார். அன்று அவர்தான் ஜெயித்தார். கணவர் வழக்கம்போல் சறுக்கினார்.

அதன்பின் ஞாயிறுதோறும் வந்தார். அடுத்த தீபாவளி கழிந்து கம்பெனி மூடியபோது, கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களை அழைத்து வந்தார். என் விளக்கம் நீளமாம்; விதிகளை அவரே சொன்னார். “ஒண்ணும் கஷ்டமில்ல, எடுத்து வச்சாப் போதும். சாருகிட்ட மட்டும் பாத்து இருங்க, கள்ளாட்டம்னுருவாக.”

அந்தப் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “ஆமாம்மா, அப்படிச் சொன்னவன்தான் நான்” என்றேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். புதியவர்கள் வரும்போதெல்லாம் அவர் இதைச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கிறது. நிறுத்தச் சொல்லி நான் கேட்டதில்லை.