கப்பல் பந்திக்கு என்ன உடுத்துவது

பேரன் படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து மருமகள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் அடுப்படி வாசலில் நின்று படித்தாள். "அத்தை, சனிக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங்காமா. ஊட்டுல இருந்து யாரு வந்தாலும் பார்மல் டிரஸ்ல வரோணுமாம்."

அவ்வளவுதான், எனக்குச் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். கல்லில் கிடந்த தோசை கருகிப் போனது. "எதுக்கத்தை இப்புடிச் சிரிக்கறீங்க? நா என்ன தப்பாவா படிச்சுட்டேன்?" என்று பாவம், அவள் முகம் சுருங்கிவிட்டது. அவளிடம் சொல்ல முடியாது. சொன்னால் அவள் அம்மா வீட்டுக்குப் போகும், அங்கிருந்து ஊருக்கே போகும். உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரிடமும் சொல்ல மாட்டீர்கள்.

மருமகளுக்கு ஒரு வழக்கம். போனைத் தொட்டுவிட்டு அடுப்படிக்குள் வந்தால், கைக்குப் போடுகிற மருந்துத் தண்ணியைப் பிதுக்கித் தேய்த்துக்கொள்வாள். கருகல் வாடைக்கு மேலே அந்த ஸ்பிரிட் வாசம் வந்து நின்றதும் அடுப்படி மறைந்துவிட்டது. நான் கப்பலில் நிற்கிறேன், சாப்பாட்டு மண்டபத்து வாசலில்.

ஆமாம், கப்பல்தான். ராசிபுரத்துக்குப் பக்கத்துக் காட்டுக்குள் குடியிருக்கிற, எட்டாவதோடு நின்ற நான் கப்பல் ஏறியிருக்கிறேன். எங்கள் பக்கத்துக்குக் கப்பல் என்றால், கன்னத்தில் கை வைத்தால் கவிழும் என்பது ஒன்றுதான் தெரியும். கொரோனாவுக்கு முந்தி, எங்களுக்குத் தீவனம் போடுகிற கம்பெனி நல்ல வாடிக்கைக்காரர்களைக் கூட்டிப் போனது. சிங்கப்பூரில் ஏறி, கடலில் சுற்றிவிட்டுச் சிங்கப்பூரிலேயே இறங்குவது. அந்தக் கப்பலில் நான் எப்போது கன்னத்தில் கை வைத்தாலும் என் வீட்டுக்காரர் பதறிப் போவார். "கையெடு புள்ள, இத்தனை சனம் ஏறியிருக்குது."

எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. பண்ணை என்பது காகிதத்தில் எழுதுகிற சொல். எங்கள் வாயில் அது பார்ம். "மாமா எங்கீங்க?" என்று யாராவது கேட்டால் "பார்ம்ல இருக்காருங்க" என்போம். காலையில் பார்முக்குப் போவோம், பொழுது சாய பார்ம்ல இருந்து வருவோம். இதை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் நான் முதலில் எடுத்து வைத்தது முருகன் படம். பிறகு விபூதிப் பை, பருப்புப் பொடி, தட்டுவடை. அறையில் கண்ணாடி ஓரமாகப் படத்தைக் கிழக்குப் பார்க்க வைத்துக் கும்பிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கிழக்கு அங்கே இல்லை, கப்பல் திரும்பியிருக்கிறது. எனக்கு மனசே சரியில்லை. என் வீட்டுக்காரர் படுத்துக்கொண்டே சொன்னார், "அவரு மயில்ல ஒலகத்தையே சுத்துனவரு. தெசையெல்லாம் பாக்க மாட்டாரு, நீ கும்புடு."

கப்பலில் எதற்கும் ஒரு முறை உண்டு. வழியில் பார்ப்பவர்கள் எல்லாரும் சிரித்து "குட் ஈவ்னிங்" சொல்வார்கள். என் வீட்டுக்காரர் அத்தனை பேருக்கும் "வாங்க, வாங்க, சாப்புட்டீங்களா?" என்பார், கப்பலே அவர் வீடு போல. சாப்பிட உட்கார்ந்ததும் மடித்து வைத்த வெள்ளைத் துணியை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பரிமாறுகிற பையன் அதைப் பணிவாக எடுத்து அவர் மடியில் விரித்தான். இவர் ஏதோ கோயில் மரியாதை என்று நினைத்து எழுந்து நின்று கும்பிட்டார். துணி கீழே விழுந்தது. பையன் மறுபடி விரித்தான். இவர் மறுபடி எழுந்தார். அன்றைக்கு சூப் ஆறிப் போனதுதான் மிச்சம்.

மேல்தட்டில் சாய்ந்து படுக்கிற நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடிக்கக் கூடாது என்று படம் போட்டு எழுதியிருந்தது. ஆனால் விடிந்ததும் போய்ப் பார்த்தால் வரிசையாகத் துண்டு கிடக்கும். ஆத்தூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாக நாம் போடுவதைத்தான் அங்கே வெள்ளைக்காரர்களும் போடுகிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்தக் கப்பலில் கொஞ்சம் கூச்சம் விட்டது.

ஒரு கூச்சம் மட்டும் விடவில்லை. அது என் தங்கை தனம்.

தனத்தை மோகனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தது. அவர்களுக்கும் பார்ம்தான், அதே கம்பெனித் தீவனம்தான், அதனால் அதே கப்பல். நானும் அவளும் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தம்பி கல்யாணத்தில் ஆரம்பித்தது அது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு பிறந்தவள் பட்டுடுத்தி மணவறையில் அவன் பக்கத்தில் நின்று செய்கிற சீர். அக்காள் தங்கை எத்தனை பேர் இருந்தாலும் ஒருத்திதான் நிற்க முடியும். தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் தனம். ஆனால் மூத்தவள் நான். பெரியவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள், நான் நின்றேன். அன்றைக்கு முகத்தைத் திருப்பியவள்தான். சாவு வீட்டில் கூட எதிரெதிர்ச் சுவரோரமாக உட்காருவோம். சகலைகள் இரண்டு பேரும் மட்டும் எங்களுக்குத் தெரியாமல் நாமக்கல் டீக்கடையில் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். தெரியாமல் என்று அவர்கள் நினைப்பு.

கப்பலில் சாப்பாட்டு மேசையை முதல் நாளே ஒதுக்கிவிடுவார்கள். கடைசி வரை அதே மேசை, அதே ஆட்கள். கூட்டிப் போன கம்பெனித் தம்பி பல்லெல்லாம் தெரியச் சொன்னார், "அக்கா தங்கச்சின்னு தெரிஞ்சுதுங்க. சந்தோசமாப் பேசிட்டுச் சாப்புடட்டும்னு ஒரே டேபிள்ல போட்டுட்டேனுங்க."

பேசினோம், நன்றாகப் பேசினோம். "ஏனுங்க, அந்த உப்ப இங்க தள்ளச் சொல்லுங்க" என்று நான் என் வீட்டுக்காரரிடம் சொல்வேன். அவர் சகலையிடம் சொல்வார். அவர் தனத்திடம் சொல்வார். "உப்பு நெறையா ஆகாதுன்னு சொல்லுங்க" என்று அவள் சொல்ல, அது அதே வழியில் திரும்பி வரும். உப்பு நடுவில், எனக்கும் அவளுக்கும் எட்டுகிற தூரத்தில் இருந்தது. யார் முதலில் பேசுவது? அதுதான் சங்கதி. முதலில் பேசியவள் தோற்றவள். ஆனால் ராத்திரி படுக்கும்போது முருகனிடம் நான் என்ன கேட்டேன் என்பது அவருக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கவை என்றுதான் கேட்டேன். என் வாயைத் திறக்கவை என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் கிருத்திகை. பகல் முழுக்கப் பாலும் பழமும்தான், ராத்திரி ஒரு வேளைச் சாப்பாடு. சாயங்காலம் கம்பெனித் தம்பி வாட்சப்பில் பேசி அனுப்பினார். மேல்தட்டில் நின்று பேசினாரோ என்னவோ, பாதி காற்றுத்தான் கேட்டது. "இன்னைக்கு நைட்டு... எல்லாரும் பார்மல்... டிரஸ்ல வந்துருங்க... இல்லீனா உள்ள உட மாட்டாங்க..."

என் வீட்டுக்காரர் மூன்று தரம் போட்டுக் கேட்டார். "பார்ம்ல போடற டிரஸ்ல வரச் சொல்றாங்க புள்ள!"

"எதுக்குங்க?"

"எதுக்கா? கம்பெனிக்காரன் நம்ம தொழிலுக்கு மரியாத பண்றான். கோட்டுப் போட்டவனெல்லாம் இருக்கற எடத்துல நம்மள நம்ம டிரஸ்லயே உக்கார வெச்சுச் சோறு போடறான்." சொல்லிக்கொண்டே பெட்டியில் லுங்கியைத் தேட ஆரம்பித்தார்.

எங்கள் கூட்டத்தில் மற்றவர்கள் எல்லாம் சேலம் டவுனில் தீவனக் கடை வைத்திருப்பவர்கள். பார்ம்காரர்கள் எங்கள் இரண்டு குடும்பம்தான். கடைக்காரர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

கிருத்திகைக்கென்று எடுத்து வந்த மயில்கழுத்துப் பட்டுச்சேலையை மனசில்லாமல் மடித்து வைத்தேன். பார்ம்ல நான் என்ன போடுவேன்? துவைத்து வெளுத்த நூல் சேலை, அதற்கு மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. அப்படியே போட்டேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டி, பனியனோடு, சிவப்புத் துண்டில் உருமால் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் பட்டையாக விபூதி பூசிக் கிளம்பினோம்.

வழியெல்லாம் கருப்புக் கோட்டு. பெண்கள் தரையைக் கூட்டுகிற மாதிரி நீளமான மினுமினுப்பு உடையில் போகிறார்கள். நான் அவர் பனியனைப் பிடித்து இழுத்தேன். "ஏனுங்க, இவிங்கல்லாம் கோட்டுப் போட்டிருக்காங்களே?"

"அவிங்க ஊரு பார்ம்ல அப்புடித்தாம் போடுவாங்களாட்ட இருக்குது. நீ பேசாம வா."

மண்டபத்து வாசலில் கைக்கு மருந்து தெளித்தார்கள். முதல் நாளிலிருந்து தெளிப்பதுதான், அன்றைக்குத்தான் அவருக்கு அர்த்தம் பிடிபட்டது. "பாத்தியா? கோழிக்குச் சீக்கு வரக்கூடாதுன்னு நாம பார்ம் வாசல்ல வெக்கறாப்லயே வெச்சிருக்கறாங்க. நாஞ் சொன்னனல்ல?" காலை நனைக்கிற தொட்டி எங்கே என்று வேறு குனிந்து தேடினார்.

வாசலில் கோட்டுப் போட்ட ஒரு பெண், சிரித்த முகத்தோடு இரண்டு கையையும் விரித்து எங்களை மறித்தாள். அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்து லிப்ட் திறந்தது.

உள்ளேயிருந்து இன்னொரு பார்ம் இறங்கியது.

தனம். அவள் வீட்டுக்காரரின் கட்டம் போட்ட சட்டை, கழுத்து வரை பொத்தான். தலையில் துண்டு, அதன் ஒரு முனை பல்லுக்கிடையில். பின்னால் லுங்கியில் அவள் வீட்டுக்காரர். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். வாசல்காரப் பெண் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள், "பார்மல்?"

"பார்முங்க!" என்றோம் இரண்டு பேரும், ஒரே குரலில்.

பிறகு என்ன நடந்தது என்பதில் இன்றைக்கு வரை வழக்கு இருக்கிறது. "களை வெட்டவாக்கா வந்த?" என்று அவள்தான் முதலில் கேட்டாள். இல்லை, "துண்டு நல்லாத்தாங் கட்டியிருக்கற" என்று நான்தான் முதலில் சொன்னேன் என்பது அவள் கட்சி. எனக்குக் காது நன்றாகக் கேட்கும், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். தனத்தின் சிரிப்பு வந்தால் நிற்காது. சின்ன வயதில் அவளால் நானும் எத்தனையோ தரம் பள்ளிக்கூட வாசலில் முட்டி போட்டிருக்கிறேன். சுவரோடு சரிந்து அந்தப் பளபளப்பான தரையில் உட்கார்ந்தே விட்டாள். நான் பித்தளைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிற்றைப் பிடித்தேன். போகிற வருகிற கோட்டுகள் நின்று பார்த்தன. சகலைகள் இரண்டு பேரும் ஒன்றும் தோன்றாமல், மடித்துக் கட்டியிருந்த லுங்கியை மரியாதைக்கு இறக்கிவிட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த பார்மல் அதுதான்.

கம்பெனித் தம்பி ஓடி வந்தார். "ஐயோ அக்கா! பார்மல்னா கோட்டு, பட்டுச்சேலைங்க! போயி மாத்திட்டு வாங்க, நேரமிருக்குது."

என் சிரிப்பு அப்போதுதான் நின்றது. மாற்றப் போனால் அவள் ஒரு லிப்ட், நான் ஒரு லிப்ட். பட்டைக் கட்டிக்கொண்டு அந்த மேசைக்குத் திரும்பினால் மறுபடி உப்பு சுற்றிக்கொண்டுதான் வரும். எனக்குத் தெரியும், பட்டுக் கட்டினால் நாங்கள் இரண்டு பேரும் வேறு ஆட்கள். அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

தனம் தரையிலிருந்து கையை நீட்டினாள். "தூக்கி உடுக்கா." எழுந்து நின்று கம்பெனித் தம்பியிடம் சொன்னாள், "நாங்க மேல போறோஞ் சாமி. அங்க இப்புடியே உடுவாங்கல்ல?"

மேல்தட்டில் எடுத்துப் போட்டுத் தின்கிற இடம். அங்கே யாரும் உடுப்பைக் கேட்பதில்லை. தயிர், ரொட்டி, வறுத்த உருளைக்கிழங்கு. நான் விரதம் விட்டேன். அவளும் கிருத்திகைக்காரிதான் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. பாதியில் அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள், "இணைச்சீரு நீ செஞ்சது கூட இல்லக்கா. முடிச்சுட்டு எல்லாத்தையும் பந்திக்குக் கூப்புட்ட. என்னையக் கூப்புடல."

"கூப்புட்டனேடி! நீ எங்க இருந்த?"

"ரூம்ல. கதவச் சாத்திட்டு."

"கதவச் சாத்திட்டு இருந்தா எப்புடிக் கேக்கும்?"

"அக்கான்னா வந்து தட்டோணும்."

நான் அவள் தட்டில் இன்னொரு கரண்டி தயிரை ஊற்றினேன். "உப்புப் போட்டுக்க" என்றேன். "நெறையா ஆகாது" என்றாள். பக்கத்து மேசையில் சகலைகள் இரண்டு பேரும் அன்றைக்குத்தான் முதல்முறை சந்திப்பது போல முட்டை விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கம்பெனி இப்போது யாரையும் கப்பலுக்குக் கூட்டிப் போவதில்லை. கம்பெனித் தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார். மோகனூர்ப் பார்மை விற்றுவிட்டு தனம் நாமக்கல்லுக்கே வந்துவிட்டாள். தினம் போன். கப்பல் போனதற்கு எனக்குப் பெரிய வருத்தமில்லை.

போன தை மாதம் எங்கள் தம்பி மகனுக்குக் கல்யாணம். ஒற்றைப் பிள்ளை. பங்காளி வீடுகளைச் சுற்றிப் பார்த்தால் எல்லா வீட்டிலும் ஒன்றுதான், அதுவும் பையன்தான். இணைச்சீருக்குத் தங்கை முறையில் ஒரு பெண் வேண்டுமே என்று எங்கெங்கோ விசாரித்து, பெங்களூரில் வேலை பார்க்கிற தூரத்துப் பங்காளி மகளைப் பிடித்தார்கள். நல்ல பெண். மணவறையில் வந்து நின்று, "இத எந்தக் கையிலங்க புடிக்கோணும்?" என்று பணிவாகக் கேட்டது. யாரும் யாரையும் முறைக்கவில்லை. தாமதமில்லாமல் முடிந்தது.

முன்வரிசையில் என் பக்கத்தில் இருந்த தனம் என் தொடையைக் கிள்ளினாள். "அக்கா, நாந்தாஞ் செய்வேன்னு ஒருத்தியாச்சும் மொகத்தத் தூக்கி வெச்சுட்டு நிக்கறாளா பாரு."

எழுந்து போய்ப் பார்த்தேன். மண்டபத்து அறைக் கதவுகள் எல்லாம் திறந்தே கிடந்தன.